டிஎஸ்எச் 6.8: இனி என்ன ஆகும்?

பட்டர்வொர்த்திலிருந்து 34 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்குப் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ்ஸில் பாலம் கடந்து போய் வருகிறார். 12 மணி நேர ஷிஃப்ட், பகலும் இரவும் மாறி மாறி வரும். ஐந்து வயதில் ஒரு மகன் இருக்கிறான். இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்படுகிறார். போன வருடம் இரண்டாவது கரு எட்டாவது வாரத்தில் கலைந்துவிட்டது. பிப்ரவரியில் கம்பெனி ஏற்பாடு செய்த ரத்தப் பரிசோதனையில், தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோனான டிஎஸ்எச் 6.8 வந்தது; தைராய்டே சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 இயல்பான அளவில் 14. “லேசான தைராய்டு குறைவுதான், மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்ப்போம்” என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மே மாதம் பார்த்தபோது டிஎஸ்எச் 5.9, ஃப்ரீ டி4 17. கூடவே பார்த்த, தைராய்டுக்கு எதிராக உடலே உண்டாக்கும் டிபிஓ எதிர்ப்பொருள் மிகவும் அதிகம்.

இரண்டு வருடத்தில் ஏழு கிலோ எடை ஏறிவிட்டது, முடி கொட்டுகிறது, எப்போதும் அசதி என்கிறார். டிசம்பரிலிருந்து, நேரடி விற்பனை செய்யும் தோழி கொடுத்த கடற்பாசி மாத்திரையைச் சாப்பிடுகிறார். முடிக்காக மார்ச்சிலிருந்து பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை 10 மில்லிகிராம் எடுக்கிறார். கோஸும் கடுகுக் கீரையும் வீட்டில் நிறுத்தப்பட்டுவிட்டன. “அம்மாவுக்கும் இப்படி லேசாகத்தான் ஆரம்பித்தது. இப்போது தினமும் 100 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை. எனக்கு இது எத்தனை வருடத்தில் முற்றும் டாக்டர்? கடைசியில் புற்றுநோயில் கொண்டுபோய் விடுமா? மாத்திரையைத் தொட்டால் ஆயுசுக்கும் விட முடியாதாமே? அம்மாவின் மாத்திரையில் பாதியை இப்போதே போட்டுக்கொண்டால் முளையிலேயே கிள்ளிவிடலாமா? போன குழந்தை போனதற்கு இதுதான் காரணமா?” என்று கேட்கிறார். மாமியாருக்கு 74 வயது. அவருக்கும் டிஎஸ்எச் 6.4. அவருக்கு மாத்திரை வேண்டுமா என்பது கடைசிக் கேள்வி.

அன்புச் சகோதரி,

நீங்கள் கடைசிக்கு முன்னால் வைத்த கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது. எட்டாவது வாரத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோமிலேயே கோளாறு இருந்ததால் கலைகிறவை. தாய் எதைச் சாப்பிட்டாள், எதைத் தூக்கினாள், எந்த ஷிஃப்டில் நின்றாள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தைராய்டு எதிர்ப்பொருள் உள்ள பெண்களுக்குக் கருச்சிதைவு ஓரளவு கூடுதலாக நேர்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு கர்ப்பம் அதனால்தான் போனது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அப்போது உங்கள் டிஎஸ்எச் என்ன இருந்தது என்பதே யாருக்கும் தெரியாது. உங்களால் நேர்ந்தது அல்ல அது. அதைச் சுமந்துகொண்டு அடுத்த கர்ப்பத்துக்குள் போகாதீர்கள்.

அடுத்து பயம். இது புற்றுநோயின் முதல் படி அல்ல. உங்கள் அறிக்கை காட்டுவது பெரும்பாலும் ஹாஷிமோட்டோ தைராய்டு அழற்சி. 1912-இல் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய அறுவை மருத்துவர் இதை முதலில் விவரித்தார்; அவர் பெயரே நிலைத்துவிட்டது. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் தைராய்டு சுரப்பியையே அந்நியனாக நினைத்து மெல்ல மெல்ல அரிக்கிறது. அதனால் சுரப்பி களைத்துப்போகலாம். கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலோ, குரல் மாறினாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ அதைத் தனியாக ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். அப்படி எதுவும் இல்லாதபோது, டிஎஸ்எச் சற்று ஏறியதற்காக மட்டும் கழுத்து ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை.

உங்கள் எண்கள் சொல்வது என்ன?

டிஎஸ்எச் தைராய்டில் சுரப்பது அல்ல. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டை வேலை வாங்க அனுப்பும் ஹார்மோன் அது. வீட்டில் வேலை கொஞ்சம் சுணங்கினாலே அம்மாவின் குரல் உயர்ந்துவிடும் அல்லவா, அதுபோலத் தைராய்டு சிறிதளவு சுணங்கினாலே டிஎஸ்எச் பல மடங்கு ஏறிவிடும். உங்களுக்குக் குரல் உயர்ந்திருக்கிறது. ஆனால் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஃப்ரீ டி4 இயல்பாக இருப்பதன் அர்த்தம் அதுதான். ஏறக்குறைய 4 அல்லது 4.5 வரை டிஎஸ்எச் இயல்பு என்று பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் போடுகின்றன. அதற்கு மேல், 10-க்குக் கீழ் இருந்து, டி4-உம் சரியாக இருந்தால் லேசான குறைவு. 10-ஐத் தாண்டினால் நாங்கள் வேறு கண்ணோடு பார்ப்போம்.

இங்கே ஒரு விஷயத்தை நீங்களும் உங்களைப் பார்த்த மருத்துவரும் சேர்ந்து கவனிக்க வேண்டும். உங்கள் இரண்டு அறிக்கைகளையுமே அப்படியே நம்ப எனக்குத் தயக்கம் இருக்கிறது. காரணம், நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த இரண்டு மாத்திரைகள்.

முதலில் கடற்பாசி. அதில் இருப்பது அயோடின். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். கடற்பாசி மாத்திரைகளில் சில அதைப்போலப் பல மடங்கைக் கொண்டவை. போத்தலின் மேல் எழுதியிருக்கும் அளவும் உள்ளே இருக்கும் அளவும் ஒத்துப்போகும் என்றும் சொல்வதற்கில்லை. “அயோடின் தைராய்டுக்கு நல்லது” என்று உங்கள் தோழி சொன்னது பாதி உண்மை. குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். திடீரென்று அளவுக்கு மீறி அயோடின் வந்தால் தைராய்டு தற்காலிகமாக உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். ஆரோக்கியமான சுரப்பி சில நாட்களில் அதிலிருந்து மீண்டுவிடும். ஹாஷிமோட்டோ உள்ள சுரப்பி மீள முடியாமல் அடங்கியே கிடக்கும், டிஎஸ்எச் ஏறும். டிசம்பரில் கடற்பாசி ஆரம்பம், பிப்ரவரியில் 6.8. இந்த வரிசையைப் பார்க்கும்போது அந்த 6.8-இல் ஒரு பங்கு போத்தலிலிருந்து வந்திருக்கலாம் என்றே நினைக்கிறேன். நிறுத்தினால் தானாக இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, பயோட்டின். இது உடம்பைக் கெடுப்பதில்லை, பரிசோதனையைக் கெடுக்கிறது. பல ஆய்வுக்கூட இயந்திரங்கள் ஹார்மோனை அளப்பதற்கே பயோட்டினைத்தான் பசையாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் பயோட்டின் நிறைந்திருந்தால் அந்த இயந்திரம் டிஎஸ்எச்சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டிவிடும். சில வகை இயந்திரங்களில் டிபிஓ எதிர்ப்பொருளும் இல்லாத உயரத்துக்குப் போய் நிற்கும். இப்போது உங்கள் மே மாத அறிக்கையை மறுபடியும் பாருங்கள்: டிஎஸ்எச் இறங்கியிருக்கிறது, டி4 ஏறியிருக்கிறது, எதிர்ப்பொருள் மிக அதிகம். நிஜமாகவே நிலைமை கொஞ்சம் தேறியிருக்கலாம். மார்ச்சில் ஆரம்பித்த பயோட்டினின் வேலையாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று இந்தக் காகிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. அம்மாவுக்குத் தைராய்டு இருப்பதால் உங்களுக்கு எதிர்ப்பொருள் உண்மையாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் உறுதி செய்துகொள்வோம்.

ஆகவே இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச், ஃப்ரீ டி4, டிபிஓ மூன்றையும் ஒரே ஆய்வுக்கூடத்தில் எடுங்கள். ரத்தம் கொடுக்கும் நாளையும் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிஎஸ்எச் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. இரவில் ஏறி, நள்ளிரவுக்குப் பின் உச்சத்தைத் தொட்டு, பிற்பகலில் இறங்கும். இரவு முழுக்க விழித்திருந்தால் அந்த ஏற்றம் இன்னும் கூடும். இரவு ஷிஃப்ட் முடித்து, பஸ் இறங்கிய கையோடு கிளினிக்கில் கையை நீட்டினால் உங்களுக்கு இல்லாத நோயைக்கூட அந்த எண் காட்டக்கூடும். ஓய்வு நாட்களில், இரண்டு இரவாவது சரியாகத் தூங்கிய பிறகு காலையில் போங்கள். காய்ச்சல் வந்து தேறிக்கொண்டிருக்கும் வாரங்களிலும் வேண்டாம். அப்போதும் டிஎஸ்எச் தற்காலிகமாக ஏறும்.

செலவைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. கர்ப்பத்துக்குத் தயாராகிறேன், தைராய்டு எதிர்ப்பொருள் இருக்கிறது, ஒருமுறை கரு கலைந்திருக்கிறது என்ற மூன்றையும் அங்கே சொல்லுங்கள். பழைய அறிக்கைகளின் நகலையும் கையோடு எடுத்துப் போங்கள். அவற்றைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சூப்பர்வைசருக்குத் தெரிந்துவிடுமோ என்று தயங்குகிறீர்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் மருத்துவர் உங்கள் நோய் விவரத்தை முதலாளியிடம் சொல்லக் கூடாது. கம்பெனிப் பரிசோதனையின்போது என்ன படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை வருடத்தில் முற்றும்?

நீங்கள் கேட்ட கேள்விக்குள்ளேயே ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது: இது கட்டாயம் முற்றும், காலம்தான் தெரியவில்லை என்று. அம்மாவைப் பார்த்து அப்படி நினைத்துவிட்டீர்கள். லேசான குறைவு உள்ளவர்கள் எல்லோரும் ஒரே பாதையில் போவதில்லை. ஒரு பகுதியினருக்குத் தானாகச் சரியாகிவிடும். ஒரு பகுதியினர் வருடக்கணக்காக அதே இடத்தில் நிற்பார்கள். மீதிப் பேருக்கே முழுக் குறைவாக மாறும்.

இஸ்ரேலில் நடந்து 2007-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், முதல் பரிசோதனையில் டிஎஸ்எச் 5.5 முதல் 10 வரை இருந்து, தைராய்டு மருந்து எடுக்காதவர்களில் 62 விழுக்காட்டினருக்கு ஐந்தாண்டுக் காலத்துக்குள் அது இயல்புக்குத் திரும்பியிருந்தது. அதனால்தான் உங்கள் கிளினிக்கில் மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். அலட்சியம் என்று நீங்கள் கோபப்பட்டிருக்கிறீர்கள். அது சரியான ஆலோசனை.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். இங்கிலாந்தின் வடகிழக்கில் விக்கம் என்ற ஊரில் 1970-களின் தொடக்கத்தில் 2,779 பேரைப் பரிசோதித்து, 20 ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களையே தேடிப்பிடித்து மறுபடியும் பார்த்தார்கள். டிஎஸ்எச் ஏற்றமும் எதிர்ப்பொருளும் சேர்ந்திருந்த பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 4 விழுக்காட்டினர் முழுக் குறைவுக்குப் போனார்கள். டிஎஸ்எச் மட்டும் ஏறியிருந்தவர்களில் 2.6 விழுக்காடு, எதிர்ப்பொருள் மட்டும் இருந்தவர்களில் 2.1. இருபது ஆண்டுகளையும் கூட்டிப் பார்த்தால், இரண்டும் இருந்தவர்களில் 55 விழுக்காடு, இரண்டுமே இல்லாதவர்களில் 4 விழுக்காடு.

மறுபரிசோதனையில் உங்கள் டிஎஸ்எச் ஏற்றமும் எதிர்ப்பொருளும் உறுதியானால் நீங்கள் அந்த முதல் வரிசையில்தான் வருகிறீர்கள். உங்களைப் போன்ற நூறு பெண்களை எடுத்துக்கொண்டால், அடுத்த வருடம் இதே நாளில் ஏறக்குறைய 96 பேர் முழுக் குறைவுக்குப் போகாமல் இருப்பார்கள். இருபது வருடம் கழித்துப் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் மாத்திரையில் இருப்பார்கள். உங்கள் அம்மா அந்தப் பாதியில் விழுந்தார். நீங்கள் எந்தப் பாதி என்று இப்போதே சொல்லும் பரிசோதனை இல்லை. டிஎஸ்எச் 10-ஐ நெருங்க நெருங்க, எதிர்ப்பொருள் இருக்க இருக்க, திரும்பும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்; அவ்வளவுதான் தெரியும். ஆகையால் ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒருமுறை ரத்தம் பார்ப்பதே காவல். முற்றினாலும் அது ஒரே இரவில் முற்றுவதில்லை, பார்த்துக்கொண்டிருந்தால் பிடித்துவிடலாம்.

அம்மாவின் 100 மைக்ரோகிராமைப் பார்த்து நோய் கடுமையாகிவிட்டது என்று நினைக்கிறீர்கள். அப்படியில்லை. சுரப்பி அறவே வேலை செய்யாதவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது கணக்கு. 62 கிலோ உள்ள ஒருவருக்கு அது ஏறக்குறைய 100 வரும். உடல் தானாகச் செய்ய வேண்டியதை மாத்திரை செய்கிறது. தினமும் அதைச் சாப்பிட்டுக்கொண்டு, ரத்த அளவும் சரியாக இருந்தால் உங்கள் அம்மா நோயாளி போல வாழ வேண்டியதே இல்லை.

ஆனால் அந்த மாத்திரையில் பாதியை உடைத்து நீங்கள் போடாதீர்கள். முளையிலேயே கிள்ளுவது என்பது இந்த நோயில் நடக்காது. மாத்திரை குறையும் ஹார்மோனை ஈடுகட்டும். எதிர்ப்புச் சக்தி சுரப்பியை அரிப்பதை நிறுத்தாது. அதோடு, மறுபரிசோதனைக்கு முன் மாத்திரை உள்ளே போய்விட்டால் உங்கள் உண்மையான நிலை என்ன என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும். அளவு கூடினால் படபடப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரும். வருடக்கணக்கில் கூடுதலாகவே போனால் எலும்பும் தேயும்.

அசதி, முடி, எடை

இவை எல்லாவற்றையும் தைராய்டின் கணக்கில் எழுதாதீர்கள். முழுக் குறைவு வந்தவர்களுக்கே அதனால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் நீர்க்கட்டு ஒரு பெரும் பங்கு. டி4 சரியாக இருக்கும் நிலையில் ஏழு கிலோவுக்கு இது காரணமாகாது. பகலும் இரவும் மாறும் ஷிஃப்ட், விடியற்காலை நான்கு மணிக்கு கான்டீனில் நாசி லெமாக், வீட்டுக்கு வந்து பகலில் மூன்று மணி நேரத் தூக்கம், பிறகு மகனைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது என்று உங்கள் ஒரு நாளை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அசதிக்கு அதுவே போதும். மாதவிலக்கு அதிகமாகப் போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஹீமோகுளோபினையும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்த்தீர்களா? இரும்பு குறைந்தாலும் முடி கொட்டும், படியேறினால் மூச்சு வாங்கும். அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது அவற்றையும் கொலஸ்ட்ராலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கரு கலைந்த பிறகு மனம் எப்படி இருக்கிறது என்பதையும் மருத்துவரிடம் திறந்து பேசுங்கள். அழுகையும் அசதியும் சேர்ந்து வந்தால் அதற்குத் தனியாகக் கவனிப்பு வேண்டும்.

கோஸையும் கடுகுக் கீரையையும் திரும்ப அடுப்பில் ஏற்றுங்கள். சமைத்துச் சாதாரண அளவில் சாப்பிட்டால் அவை தைராய்டை ஒன்றும் செய்யாது. வீட்டில் அயோடின் கலந்த உப்பு போதும்.

குழந்தைத் திட்டம்தான் முடிவை மாற்றுகிறது

குழந்தை வேண்டாம் என்றிருந்தால் உங்களிடம் நான் சொல்லக்கூடியது எளிது: மாத்திரை வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம். நீங்கள் இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்படுகிறீர்கள். அதனால் கணக்கு மாறுகிறது.

கருவின் சொந்தத் தைராய்டு ஏறக்குறைய 12-ஆவது வாரத்தில்தான் ஹார்மோன் சுரக்கத் தொடங்கும். ஒழுங்காக வேலை செய்ய இன்னும் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் டி4-ஐ நம்பித்தான். அதனால் கர்ப்பத்தின் முதல் வாரங்களிலிருந்தே தாயின் தைராய்டு வழக்கத்தைவிடக் கால் பங்கு முதல் பாதி வரை கூடுதலாக உழைக்க வேண்டும். நல்ல சுரப்பி உழைத்துவிடும். எதிர்ப்பொருளால் அரிக்கப்பட்ட சுரப்பிக்கு, சாதாரண நாட்களில் சமாளித்தாலும், அந்தக் கூடுதல் சுமைக்கு இருப்பு இருக்காது. லேசான குறைவு கர்ப்பத்தில் மளமளவென்று ஏறுவது இப்படித்தான்.

மறுபரிசோதனையில் என்ன வந்தால் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். டிஎஸ்எச் 10-ஐத் தாண்டினால் தயங்காமல் மாத்திரை தொடங்க வேண்டும். 4-க்கு மேல் 10-க்குள் இருந்து எதிர்ப்பொருளும் உறுதியானால், கருத்தரிக்க முயலும் முன்பே 25 அல்லது 50 மைக்ரோகிராம் என்ற சிறிய அளவில் தொடங்கி டிஎஸ்எச்சை 2.5-க்குக் கீழே கொண்டுவருவது நியாயமான வழி. கர்ப்பத்துக்கு முன் கொடுப்பதால் நிச்சயம் நன்மை என்று காட்டும் வலுவான ஆய்வுகள் இல்லை. ஆனாலும் சிறிய அளவு மாத்திரையால் வரும் ஆபத்து மிகக் குறைவு. கர்ப்பத்தின் முதல் வாரங்களில் குறைவு வந்து கவனிக்காமல் விட்டால் இழப்பு பெரிது. உங்கள் இடத்தில் என் தங்கை இருந்தால் எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

டிஎஸ்எச் இயல்புக்குத் திரும்பி, எதிர்ப்பொருள் மட்டும் இருந்தால்? “எதற்கும் இருக்கட்டும்” என்று மாத்திரை கேட்காதீர்கள். கருச்சிதைவையோ குழந்தையின்மையையோ சந்தித்த, எதிர்ப்பொருள் உள்ள, டிஎஸ்எச் சரியாக இருந்த 952 பெண்களை வைத்துப் பிரிட்டனில் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. ஒரு பாதிக்கு 50 மைக்ரோகிராம் மாத்திரை, இன்னொரு பாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. குழந்தை பெற்றவர்கள் முதல் பாதியில் 37.4 விழுக்காடு, இரண்டாவதில் 37.9. வித்தியாசமே இல்லை. அந்த நிலையில் செய்ய வேண்டியது கண்காணிப்பு மட்டும்தான்.

மறுபரிசோதனை வரும்வரை இந்த இரண்டு மாதம் கருத்தரிப்பதைத் தள்ளிப்போட முடிந்தால் நல்லது. அதற்குள் மாதவிலக்கு தள்ளிப்போனால் பதற வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்து, உறுதியான அதே வாரம் கிளினிக்குக்குப் போய் டிஎஸ்எச் பார்க்கச் சொல்லுங்கள். 12-ஆவது வாரத்தில் பதிவு செய்யும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால் முக்கியமான காலம் கடந்துவிடும். பிறகு கர்ப்பத்தின் பாதிக்காலம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். கர்ப்பக் காலத்தில் கொடுக்கும் வைட்டமினில் 150 மைக்ரோகிராம் அயோடின் இருந்தால் அது வேறு, உங்கள் தோழியின் கடற்பாசி வேறு; அந்த வைட்டமினைப் பயந்து ஒதுக்காதீர்கள்.

பிரசவத்துக்குப் பிறகும் கவனம் வேண்டும். எதிர்ப்பொருள் உள்ள பெண்களில் மூன்றில் ஒருவருக்காவது குழந்தை பிறந்த முதல் வருடத்துக்குள் தைராய்டு அழற்சி வருகிறது. முதலில் படபடப்பு, தூக்கமின்மை, பிறகு சோர்வு, மனச்சோர்வு. “பிள்ளைப் பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டில் சொல்லி மூடிவிடுவார்கள். நீங்கள் விடாதீர்கள், ஆறாவது வாரத்திலும் மூன்றாவது, ஆறாவது மாதங்களிலும் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு மலேசியாவில் பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் தைராய்டு பரிசோதனை செய்கிறார்கள். அதன் முடிவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாத்திரை எடுக்க நேர்ந்தால்

தொட்டால் ஆயுசுக்கும் விட முடியாது என்பது எல்லோருக்கும் பொருந்தாது. இந்த மாத்திரைக்கு உடல் அடிமையாவதில்லை. சுரப்பி செத்துப்போனவர்கள் விட முடியாது. காரணம் சுரப்பி, மாத்திரை அல்ல. கர்ப்பத்துக்காக 50-க்குள் எடுத்த பலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு நிறுத்திவிட்டு, ஆறு வாரத்தில் ரத்தம் பார்த்து, தேவையில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம்.

எடுக்கும் முறையில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், காலைப் பசியாறலுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். காப்பியோடும் தே தாரிக்கோடும் விழுங்கினால் மாத்திரையில் ஒரு பங்கு உடம்பில் சேராது. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பக் காலத்தில் இரும்பு மாத்திரை கொடுப்பார்கள், இரண்டையும் ஒரே கையில் கொட்டி விழுங்குவதே வழக்கமாகிவிட்டது. தைப்பூச விரத காலத்தில் சைவக் கடைகளின் சோயா இறைச்சியும் சோயா பாலும் கூடும்; அப்போதும் அதே இடைவெளி. இரவு ஷிஃப்டில் “காலை” எது என்று உங்களுக்குச் சந்தேகம் வரும். தூங்கி எழும் நேரம் எதுவோ அதுவே உங்கள் காலை. அதுவும் சரிப்படாவிட்டால் கடைசிச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது எடுக்கலாம். அளவு மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் ரத்தம் பார்க்க வேண்டும். டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும், அதற்குள் பார்ப்பது பணவிரயம். கர்ப்பத்தில் மட்டும் நான்கு வாரக் கணக்கு.

மாமியார்

அவருக்கும் உங்களுக்கும் ஏறக்குறைய ஒரே எண். ஆனாலும் பதில் ஒன்றல்ல. வயது ஏற ஏற டிஎஸ்எச் இயல்பாகவே சற்று ஏறும். 74 வயதில் 6.4 பெரும்பாலும் நோயே அல்ல. 65 வயதைத் தாண்டிய, லேசான குறைவு உள்ள 737 பேருக்கு மாத்திரையும் வெறும் மாத்திரையும் கொடுத்து ஐரோப்பாவில் செய்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஒரு வருடம் கழித்துக் கேட்டபோது அசதியிலோ மற்ற அறிகுறிகளிலோ இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. அந்த வயதில் அளவு கொஞ்சம் கூடினாலே இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு இளகும். அவருக்கு ஃப்ரீ டி4 இயல்பாக இருந்தால் மாத்திரை வேண்டாம். மூன்று மாதம் கழித்து ஒருமுறை பாருங்கள், அதே அளவில் நின்றால் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை போதும். அவரும் அந்தக் கடற்பாசியைச் சாப்பிடுகிறாரா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.